அப்பா ‘பாஸ்’ ஆன ஞாயிற்றுக்கிழமை

ஈரச் சீமெந்தின் வாசனை எங்கிருந்து வந்தாலும் எனக்கு முதலில் அப்பாவின் பனியன்தான் ஞாபகத்துக்கு வரும். கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்முற்றத்தில், பழைய பால்மா டின்னுக்குள் சீமெந்தைக் குழைத்துக்கொண்டு, ஏதோ மருந்து கலக்குகிறவர் போல அவர் குந்தியிருப்பார். உண்மையில் அவர் மருந்துக்கடையில் வேலை செய்தவர்தான். கூரை வேலை அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. ஆனால் மழை தொடங்கிவிட்டால் கொழும்பில் ஒரு "பாஸ்" கிடைப்பது குதிரைக்கொம்பு. மேசன், தச்சன், ஓடு மாற்றுகிறவர் எல்லாருக்கும் எங்கள் பக்கத்தில் அந்த ஒரே பெயர்தான். வருகிறேன் என்று சொன்ன பாஸ் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக வராமற்போக, அப்பா தானே ஏணியைச் சாத்தினார்.

ஆறு வீடுகள் ஒட்டிக்கொண்டு நின்ற வரிசை அது; ஆறுக்கும் சேர்த்து நீளமாக ஒரே ஓட்டுக் கூரை. எங்களுக்கு அடுத்த வீட்டில் பரீதா அன்ரி இருந்தார். கணவர் சவூதியில், பிள்ளைகள் மூன்று பேர்; இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டிய மனுஷி. அப்பா எங்கள் பக்கத்து வெடிப்பின் மேல் சீமெந்தால் ஒரு வரம்பு கட்டிவிட்டு இறங்கினார். அடுத்த மழைக்கு எங்கள் வீட்டில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது, அப்பாவைப் போல ஒரு கெட்டிக்காரர் கொழும்பிலேயே இல்லை என்று நம்பிக்கொண்டு படுத்தேன். வரம்பில் முட்டிய தண்ணீர் பக்கத்து வீட்டுக்குத் திரும்பி, பரீதா அன்ரி வறுத்து அரித்து வைத்திருந்த மா முழுவதையும் களியாக்கியது காலையில்தான் தெரியவந்தது.

"அண்ணன், ஒங்கட ஊட்டுத் தண்ணிய என்ட ஊட்டுக்குள்ள திருப்பி உட்டுட்டீங்களே!" என்று வாசலில் நின்று கேட்டார். அதன் பிறகு நான்கு நாட்கள் அன்ரி எங்களோடு கதைக்கவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, செய்த பிழையைத் திருத்தியே தீருவது என்று அப்பா மறுபடி ஏறினார். இந்த முறை அளக்கும் நாடா, பென்சில், ஒரு துண்டுக் கடதாசி என்று சகல ஆயத்தங்களோடும் போனார். முகட்டில் குந்தியிருந்து ஓடுகளைக் கட்டம் கட்டமாக வரைந்து, தண்ணீர் ஓடும் திசைக்கெல்லாம் அம்புக்குறி போட்டார். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்த முகட்டிலிருந்து பார்த்தால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் நன்றாகத் தெரியும் என்பதை அந்தக் கவனமான மனிதர் கவனிக்கவில்லை. சந்தியிலிருந்த "சென்றி"யில், அதாவது இராணுவக் காவலரணில், நின்றவர்கள் கவனித்தார்கள்.

இரண்டு இளம் சிப்பாய்கள் ஒழுங்கைக்குள் வந்து அவரை இறங்கச் சொன்னார்கள். "இறங்குங்கோப்பா, மெல்ல இறங்குங்கோ" என்றாள் அம்மா. அவளுடைய குரல் அவளுடையது போலவே இருக்கவில்லை. ஒருவர் கடதாசியை வாங்கி அம்புக்குறிகளைப் பார்த்தார், பிறகு துறைமுகப் பக்கம் பார்த்தார், பிறகு அடையாள அட்டையைக் கேட்டார். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அதில் இருந்தது. கடைசி வீட்டில் அறை எடுத்திருந்த ஒரு அண்ணாவை முந்தின வருடம் விசாரிக்க என்று கூட்டிப்போனார்கள், அவர் திரும்பி வரவே இல்லை. கடையில் சாமான் வாங்குவதற்கு மட்டும் போதுமான எங்கள் சிங்களத்தில் இதை விளக்கச் சொற்கள் இருக்கவில்லை.

அப்போதுதான் மா ஒட்டிய கைகளோடு பரீதா அன்ரி வெளியே வந்தார்.

"மல்லி, மே அபே பாஸ். மமய் நெக்குவே" என்றார். தம்பி, இது எங்கட பாஸ், நான்தான் ஏற்றினேன் என்று அர்த்தம். சிப்பாயின் கையிலிருந்த கடதாசியைக் காட்டி, இந்த அம்புக்குறி எல்லாம் தன் வீட்டுக்குள் வருகிற தண்ணீர் என்று விளக்கினார். அவர்களை உள்ளே கூட்டிப்போய் ஈரச் சுவரையும் களியான மாவையும் காட்டினார். இந்த பாஸுக்கு வேலை தெரியாது என்று அவர் திட்டிய திட்டில் ஒரு சிப்பாய் சிரித்தே விட்டார். அட்டையை வாங்கிப் பார்க்காமலே, மழைக்கு முன் வேலையை முடி என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்பா மறுபடி ஏணியில் ஏறினார். தான் கட்டிய வரம்பைத் தானே கொத்தி எடுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னர் முதலில் பரீதா அன்ரியின் பக்கத்து ஓடுகளைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் பக்கம் வருவார். "முதல்ல அங்கால" என்பார். எங்கள் வீட்டில் ஒரு மூலை கடைசிவரை ஒழுகிக்கொண்டேதான் இருந்தது, அதைப் பற்றி அம்மாவும் முணுமுணுத்ததில்லை.

இன்று அந்த வரிசை வீடுகள் இல்லை, அந்த இடத்தில் ஒரு மாடிக் கட்டடம் நிற்கிறது. நான் இருக்கும் வெள்ளவத்தை பிளாட்டில் எனக்கென்று கூரையே கிடையாது, மேலே இன்னொருவரின் தரைதான். அப்பாவும் போய்விட்டார். அவர் கடைசிவரை வாய்விட்டுச் சொல்லாத நன்றியை நானாவது சொல்லவேண்டும் என்று போன மாதம் தெஹிவளைக்கு, பரீதா அன்ரி இப்போது மகனோடு இருக்கும் வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு நீங்கள் வந்திராவிட்டால் எனக்கு அப்பா இல்லை, எவ்வளவு தைரியம் உங்களுக்கு என்றேன்.

"தைரியமா?" என்று சிரித்தார். "பொய்ண்டு தெரிஞ்சா என்னயும் ஏத்திட்டுப் போவானே மகள், மூணு புள்ளைகளயும் ஆரு பாக்கிற? அவனுகள் போனதும் கதவச் சாத்திட்டு நெலத்தில குந்தினவதான். ஒங்கட அம்மா தேத்தண்ணியோட வந்து தட்டுறது கேக்குது, எழும்பக் கால் வருகுதில்ல."

அம்மா தேநீர்க் கோப்பையோடு போனது எனக்கும் நினைவிருக்கிறது. வெகுநேரம் தட்டியும் கதவு திறக்காததால் அப்படியே திரும்பி வந்தாள். மாவை நனைத்த கோபம் அன்ரிக்கு இன்னும் ஆறவில்லை என்று நாங்கள் மூன்று பேரும் எங்கள் வீட்டுக்குள் இருந்து பேசிக்கொண்டோம்.