விருந்தாளி குடித்த தண்ணீர்

எங்கள் ஊருக்கு அடிபைப்பு வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். எந்தத் தேசமோ பணம் கொடுத்தது. லாரியில் வந்த எந்திரம் பாறையைத் துளைத்ததை ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. தண்ணீர் பீய்ச்சியடித்தபோது பெண்கள் குலவை போட்டார்கள். குலவை அடங்குவதற்குள் ஒருத்தி கையில் ஏந்திக் குடித்துப் பார்த்துத் துப்பினாள். உப்பு. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, டீ போட்டால் வாயில் வைக்க முடியாது. மாடு கழுவவும் பாத்திரம் விளக்கவும் ஆயிற்று. குடிக்கவும் சமைக்கவும் பழையபடி ஊருணிக்குத்தான் போனோம்.

அந்த ஊருணியோ வருஷத்துக்கு வருஷம் தூர்ந்துகொண்டே வந்தது. குன்றக்குடிப் பக்கம் பெய்கிற மழை வரத்துக்கால் வழியாக வந்து அதை நிரப்ப வேண்டும். அந்தக் கால் மண்மூடிக் கிடந்ததால் பங்குனி முடிவதற்குள் அடிமண் தெரிந்துவிடும். பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊர் ஊருணிக்கு வெயிலில் நடக்க வேண்டியதுதான்.

நான் அப்போது பஞ்சாயத்து யூனியனில் கிராம சேவிகா. அப்பாவின் அக்காவை நான் அயித்தை என்று கூப்பிடுவேன். அவள் வீட்டில் தங்கித்தான் வேலை பார்த்தேன். அந்தக் குடத்தை நானும் இடுப்பில் சுமந்தவள்.

பைப்பு போட்ட மறு வருஷம், கொடுத்த உதவி உருப்படியாகப் பயன்பட்டதா என்று பார்க்க ஒரு வெள்ளைக்காரர் வருவதாகத் தகவல் வந்தது. பைப்பு நன்றாக இருக்கிறது என்று அவர் எழுதினால் இன்னொரு பைப்பு வரும். சரியில்லை என்றால் அந்தப் பணத்தை வேறு வேலைக்குக் கேட்கலாம். வேறு வேலை என்ன, ஊருணியைத் தூர்வாருவதுதான். வீடு வீடாகப் போய், "உள்ளதை உள்ளபடி சொல்லுங்க, போதும்" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் ஊர்த் தலையாட்டலை நம்பிய என்னைத்தான் சொல்ல வேண்டும்.

ஜீப்பில் வெள்ளைக்காரரும் எங்கள் யூனியன் அதிகாரி பி.டி.ஓ.வும் வந்து இறங்கினார்கள். வெள்ளைக்காரர் நல்ல மனிதர். வெயிலில் சிவந்து, வியர்த்து வழிந்தும் முகம் சுளிக்கவில்லை. பைப்படிக்குப் போகும் வழியில் எங்கள் வீடு. வாசல் தாண்டிப் போகிறவரை அயித்தை விடுவாளா? உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, வெள்ளிச் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். ஊருணித் தண்ணீர். தேத்தாங்கொட்டை உரசித் தெளியவைத்து, வெட்டிவேர் போட்டுப் புதுப்பானையில் குளிரவைத்தது. ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டார். என்னவோ இங்கிலீஷில் சொன்னார்.

"பைப்புத் தண்ணி பிரமாதம்கிறார் ஐயா!" என்றார் பி.டி.ஓ.

அயித்தையை அடுப்படிக்கு இழுத்துப் போனேன்.

"என்ன அயித்தை, ஊருணித் தண்ணியவா குடுத்தீக? அவரு வந்ததே பைப்புத் தண்ணி எப்படி இருக்குன்னு பாக்கத்தானே!"

"அதுக்காக? வாசலேறி வந்த மனுசருக்கு உப்புத் தண்ணியக் குடுக்கச் சொல்றியா? அவரு மூஞ்சியச் சுளிச்சா யாருக்குக் கேவலம்?"

"நமக்கு ஊருணி வேணுமா, வேணாமா?"

"வேணும். அதுக்கு விருந்தாளி வாயிலயா உப்பக் கொட்டுறது? போடி போக்கத்தவளே."

பைப்படியில் அவரே கைப்பிடியை அடித்துப் பார்த்தார். தண்ணீர் கொட்டியது. முகம் கழுவினார், சிரித்தார். ஒரு வாய் குடியுங்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கெஞ்சினேன். வயிற்றைத் தட்டிக் காட்டி, நிறைந்துவிட்டது என்றார். இனி பொறுப்பதில்லை என்று, இது உப்பு, நீங்கள் குடித்தது ஊருணித் தண்ணீர் என்று போட்டு உடைத்தேன். சிரிப்பு நின்றது. பைப்படியில் கூடியிருந்த பெண்களைக் கேட்கும்படி பி.டி.ஓ.விடம் சொன்னார். பி.டி.ஓ. என்னை முறைத்துவிட்டு அவர்கள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, தண்ணி உப்பா? ஐயா கேக்குறாரு."

புளி போட்டு விளக்கிய பித்தளைக் குடங்களோடு நின்றவர்கள் என்னைப் பார்க்கவில்லை, பின்னாலேயே வந்திருந்த அயித்தையைப் பார்த்தார்கள். அயித்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எங்களுக்காக அம்புட்டுத் தூரத்துலருந்து போட்டுக் குடுத்துருக்கீக. நல்லாத்தான் இருக்குங்க. ஒரு குறையுமில்ல."

அத்தனை தலையும் ஆடியது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். கொடுத்தவர் முகத்துக்கு நேரே பல்லைப் பார்ப்பது எங்கள் பக்கம் பிச்சையெடுப்பதைவிடக் கேவலம்.

இன்றைக்கும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அயித்தைமேல் பாதிக் கோபம் என்றால் அந்த நல்ல மனிதர்மேல் மீதி. கேட்டால் உண்மை வந்துவிடும் என்று இவர்களுக்கு யார் சொன்னது? அதிகாரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கொடுத்தவரே வந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டால் யார் வாய் திறப்பார்கள்? எதையும் கேட்க வேண்டாம். சாயங்காலம் வரை சும்மா உட்கார்ந்திருந்தால் குடங்கள் எந்தத் திக்கில் போகின்றன என்று அவரே பார்த்திருப்பார். அவருக்கு மத்தியானமே அடுத்த ஊருக்குப் போக வேண்டியிருந்தது.

இரண்டாவது பைப்பு பிள்ளையார் கோயில் பக்கத்தில் வந்தது. அதுவும் உப்பு.

அந்தச் சித்திரையில் ஊருணி வெடித்துக் கிடந்தது. நானும் அயித்தையும் குடங்களோடு பக்கத்து ஊருக்குப் போனோம். அவர்கள் ஊருணியிலும் அடியில்தான் தண்ணீர். படியிறங்கப் போன எங்களை அந்த ஊர்ப் பெண் ஒருத்தி மறித்தாள்.

"உங்க ஊருலதான் ரெண்டு பைப்பு போட்டுருக்காகளே, இங்குட்டு எதுக்கு வாரீக? எங்களுக்கே பத்தாது."

"அது உப்பு தாயி. வாயில வைக்க முடியாது" என்றாள் அயித்தை. வெளியாள் ஒருத்தரிடம் அவள் அப்படிச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"சும்மா சொல்லாதீக. வெள்ளக்காரரே குடிச்சுப் பாத்து நல்ல தண்ணின்னு சொல்லிட்டுப் போனாராம்ல?"

அயித்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நீ சொல்லேன் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. நான் குடத்தை இடுப்புக்கு ஏற்றினேன். வெறுங்குடத்தோடு இருவரும் ஊரைப் பார்த்து நடந்தோம்.