தைப்பூச மொட்டை

முன்தலையில் முடி கொட்டத் தொடங்கியதும் மருந்து தடவிப் பார்த்தேன், பலனில்லை. கோலாலம்பூர் போய் முடி நட்டுக்கொள்ளப் பயம். கடைசியில் சுலபமான வழி கிடைத்தது: தைப்பூசத்துக்கு மொட்டை. எஸ்டேட்டில் கேட்டவர்களிடமெல்லாம் வேண்டுதல் என்று அடித்துவிட்டேன். முடி வளரும் மாதங்களில் கம்பளித் தொப்பி. இந்த மலைக் குளிரில் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

அப்படி மொட்டை போட்ட மறுவாரம் பக்கத்து ஊரான கம்போங் ராஜாவில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். "பக்தியான பையன்" என்று பெண்ணின் அம்மா பூரித்துப்போனார். தனியாகப் பேச விட்டதும், கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் அந்தப் பெண் என் தலையையே பார்த்தாள்.

"பின்னாடியெல்லாம் கறுப்பா முளைச்சிருச்சு. முன்னால மட்டும் பளபளன்னு இருக்கே. வேண்டுதலெல்லாம் சும்மாதானே லா?"

கை தானாக முன்தலையை மறைத்தது. "ஆமாங்க" என்றேன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "எங்கப்பாவுக்கும் இப்படித்தான். இதுக்குப் போயி சாமிய இழுக்கலாமா?"

அப்பாடா என்றிருந்தது. திரும்பும் வழியில், முதல்முறையாக முருகனிடம் நிஜமாகவே ஒன்று வேண்டிக்கொண்டேன்: இவள் சம்மதிக்க வேண்டும்.

அடுத்த தைப்பூசத்தில் அந்த வேண்டுதலுக்காக எனக்கு மொட்டை போட்டபோது, துண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் அவள்தான். இப்போதெல்லாம் தொப்பி, குளிருக்கு மட்டும்.