சந்தனம் வைத்த ஃப்ரீசர்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து இன்று காலை ஆய்வகத்தைத் திறந்தேன். மைனஸ் எண்பது டிகிரியில் இருக்க வேண்டிய ஃப்ரீசர், நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக, வெதுவெதுப்பாக நின்றது. அதன் பிளக் தரையில் கிடந்தது. அந்த சாக்கெட்டில் சீரியல் செட் இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது.

ஐந்து வருடமாக வளர்த்துச் சேமித்த செல்கள் அத்தனையும் செத்துவிட்டன. என் பிஎச்.டி.யே அவைதான்.

மதியம் ஸ்வீடனில் பரிசு அறிவித்தார்கள். என் துறைக்கு.

சாயங்காலம் ஆவடி ஸ்டேஷனில் வழக்கமான ஷேர் ஆட்டோ. முன்னால் கட்டிய வாழைக்கன்று காய்ந்து தொங்கியது.

"இன்னா மேடம், உங்க ஆராய்ச்சிக்கு பிரைஸாமே! போன்ல பாத்தேன். உங்களுக்கு எப்போ?" என்றார் டிரைவர்.

"எங்க மெஷின் நின்னுபோச்சுண்ணா."

"பூஜ போட்டீங்களா இல்லியா? நம்ம வண்டிய பாருங்க, சும்மா பறந்துகினு கீது."

"போட்டோம்ணா."

பருத்திப்பட்டில் இறங்கிக் காசு கொடுத்தேன்.

பொட்டு வைத்தது நான். போட்டோ எடுத்ததும் திரும்ப மாட்டிவிடலாம் என்று பிளக்கைப் பிடுங்கியதும் நான்தான். கைடிடம் இன்னும் சொல்லவில்லை.

பரிசு வாங்கியவர்கள் ஆய்வகத்தில் சீரியல் செட்டை எங்கே செருகுவார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.