ஓட்டையில்லாப் பெட்டியில் சோளகம்

ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு நேரக் கறிக்காவது ஏதாவது விளைத்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் என் பன்னிரண்டு பெட்டிகளும் மொட்டைமாடியை விட்டு இறங்கிவிட வேண்டும். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் கமிட்டித் தலைவர் பங்குனி மாதத்தில் எனக்கு வைத்த கெடு இது. ஓய்வுபெற்ற எஞ்சினியர். மேல்மாடி வீடு அவருடையது. தன் படுக்கையறைக் கூரை ஒழுகிவிடும் என்ற பயத்தில், பெட்டிகளில் ஓட்டை போடவே கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

“பாருங்கோ ஐயா, அதுக்கு முதலே உங்கட குசினிக்கு வெங்காயம் வரும்,” என்றேன்.

வாய்ச்சவடால் இல்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு வெங்காயம்தான் சோறு போட்டது. அண்ணன் இன்றைக்கும் வெங்காயச் செய்கைதான். எனக்கா வெங்காயம் வைக்கத் தெரியாது? மீன் கடையில் ஐஸ் போட்டு வைக்கிற வெள்ளை ரெஜிபோம் பெட்டிகள் வாங்கினேன், அண்ணன் பஸ்ஸில் அனுப்பிய விதைவெங்காயத்தை நட்டேன், சித்திரை மாதத்து இடிமழைக்கு மேலே பொலித்தீன் கட்டினேன். ஓட்டை இல்லாததால் தண்ணீரைக் கோப்பையால் அளந்துதான் ஊற்றினேன். வெங்காயத் தாள் கரும்பச்சையாக நிமிர்ந்து நின்றது. ஒரு நாளில் மூன்று தடவை மேலே ஏறிப் பார்ப்பேன். என் கணவர், “பிள்ளையள் படிக்கேக்க கூட நீர் இப்பிடிப் போய்ப் பாக்கேல்லை,” என்றார். உண்மைதான், என்ன செய்ய!

மே மாதத்தில் ஒரு புதன்கிழமை பம்பலப்பிட்டியில் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கைப்பையோடு நேரே மொட்டைமாடிக்கு ஏறினேன். கடல் பக்கமிருந்து காற்று ஆளைத் தள்ளியது. எனக்குச் சந்தோசத்தில் கத்த வேண்டும் போல இருந்தது. சோளகம்! எங்கள் ஊரில் இந்தத் தென்மேற்குக் காற்று கிளம்பினால் மழை இல்லை. வெங்காயத் தாள் தானாகச் சாயும், கிண்டிக் காயப்போட வேண்டியதுதான். இன்னும் இரண்டு கிழமை போதும். காற்று நன்றாகப் படட்டும் என்று பொலித்தீனை மளமளவென்று அவிழ்க்கத் தொடங்கினேன்.

படிக்கட்டுக் கூட்டுகிற அக்கா தும்புத்தடியோடு வாசலில் நின்று பார்த்தா. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள். என்னைவிட இரண்டு வயதுதான் கூட.

“என்னங்க டீச்சர், மூடுற நேரத்துல தொறக்கிறீங்க?”

“சோளகம் வந்திட்டுது அக்கா! இனி மழை இல்லை.”

“இந்தக் காத்து வந்தா எங்க பக்கம் மழ விடவே விடாதுங்க. கொழுந்துக்குப் போனா சாக்கப் போத்திக்கிட்டுத்தான் போவோம்.”

“அது மலை. இது கடற்கரை,” என்று பெரிய புவியியல் பாடமே எடுத்தேன். அவ சிரித்துக்கொண்டு போய்விட்டா.

இருபது வருடமாக மே மாதத்தில் குடை பிடித்து காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கிறவள் நான். அந்த மழையையும் இந்தக் காற்றையும் ஒருநாளும் சேர்த்து யோசித்ததில்லை. மழை என் வேலைக்குப் போகிற பாதையில் இருந்தது, சோளகம் அண்ணனின் தோட்டத்தில் இருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல ஒரு வெங்காயச் செய்கை தேவைப்பட்டிருக்கிறது.

அடுத்த நாள் காலையிலேயே கொட்டத் தொடங்கியது. மூன்று நாள் விடவில்லை. ஓட்டையில்லாத பன்னிரண்டு பெட்டியும் பன்னிரண்டு தொட்டியாகிவிட்டன. கோப்பையால் இறைக்க இறைக்க நிரம்பியது. கடலுப்புப் பட்டு தாளின் நுனியெல்லாம் கருகியது, அடியில் வெங்காயம் கூழாகியது. நாலாம் நாள் அழுகல் நாற்றத்துக்கு நடுவில் நின்று நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், விம்மி விம்மி அழுதேன். கெடுவுக்கு ஐந்து கிழமைதான் மிச்சம்.

அக்கா வந்து ஒரு பெட்டிக்குள் கை விட்டுப் பார்த்தா. “நான் சொன்னேனே” என்று ஒரு சொல் சொல்லவில்லை.

“தண்ணி நிக்குதே டீச்சர், நல்லதுதானே. கங்குன் கீர போடுவோம், அது சேத்துலதான் வளரும்.”

சந்தையில் இரண்டு கட்டு கங்குன் கீரை வாங்கி வந்தா. இலையைக் கறிக்கு எடுத்துக்கொண்டு தண்டுகளைச் சேற்றில் குத்தினோம். பெட்டிகளைத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால், உப்புக்காற்றுப் படாத பக்கம் இழுத்தோம். பிறகு மழை பார்த்துக்கொண்டது. அம்மாடி, என்ன வளர்த்தி! காலையில் பார்த்த தண்டு பின்னேரம் வேறு தண்டு. மழை ஓய்ந்தால் எனக்குக் கோபம் வந்தது, இருண்டு வந்தால் கை தட்டினேன். என் கணவர் அந்தப் பக்கமே வருவதை விட்டுவிட்டார்.

கெடு முடிகிற அந்த ஞாயிறும் மழைதான். அக்காவும் தும்புத்தடியோடு என் பக்கத்தில் நின்றா. எஞ்சினியர் மேலே வர, காற்று அவருடைய குடையை மறுபக்கம் மடித்துவிட்டது. நனைந்துகொண்டே பார்த்தார். பெட்டி தெரியாமல் பச்சை வழிந்தது.

“வெங்காயம் எங்க டீச்சர்?”

ஒரு பொய் தயாராகத்தான் வைத்திருந்தேன். வாய் வரவில்லை. “அழுகிப் போச்சு ஐயா. சோளகத்தில மழை பெய்யாதெண்டு நினைச்சிட்டன். இது அக்கா நட்டது.”

அவர் குனிந்து ஒரு பெட்டியின் அடியைத் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டும் கசியவில்லை. பிறகு இரண்டு கை நிறையக் கீரை பிடுங்கிக்கொண்டார்.

“பெட்டி இருக்கட்டும். ஆனா இனி எது நடுறதெண்டாலும் இவவைக் கேட்டு நடுங்கோ.”

அக்கா தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, “எனக்கும் ரெண்டு பெட்டி வேணுங்க,” என்றா. அவருக்கு மறுக்க வழியில்லை, கை இரண்டிலும் கங்குன்.

இந்த வருடம் மே மாதத்தில் அண்ணன் ஃபோனில் கோல் எடுத்தார். “சோளகம் வந்திட்டுது, வெங்காயம் காயப் போட்டாச்சு. அங்க எப்பிடி?”

“இங்கயும் வந்திட்டுது!” என்று கத்திவிட்டு, ஃபோனைக் கையில் பிடித்தபடியே படிக்கட்டுக்கு ஓடினேன். கீழே தும்புத்தடிச் சத்தம் கேட்டது.

“அக்கா! கங்குன் தண்டு கொண்டு வாங்கோ, காத்து வந்திட்டுது!”