பெருமாள்மலையில் திரும்பிய சிவப்பு வண்டி

முதல் பஸ் மூஞ்சிக்கல்லுக்கு வந்ததும் கண்டக்டர் தங்கவேலு ரோட்டில் நின்றபடியே எனக்குக் குரல் கொடுப்பார். அன்று குரல் வரவில்லை. படி இறங்கி வீட்டு வாசலுக்கே வந்து நின்றார். "அக்கா, அண்ணன் அய்யம்பாளையத்துல..." என்று இழுத்தார். "லாரி வேலை இன்னும் முடியலையாமா?" என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன். லாரி ரிப்பேருக்கு அங்கே போயிருந்த என் வீட்டுக்காரர், லாரிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்து வேலை பார்த்தவர், எழுந்திருக்கவே இல்லையாம். அசந்து தூங்குகிறார் என்று வெகுநேரம் யாரும் எழுப்பவும் இல்லையாம்.

நீங்கள் எல்லோரும் அவரைச் செல்லையா மேஸ்திரி என்பீர்கள். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டாக்சி ஸ்டாண்டுக்காரர்கள் அவர் நினைவாக ஒரு சிறு மலர் அச்சுப் போடுகிறோம், நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டார்கள். அதே ஸ்டாண்டுக்காரர் ஒருவர் காரியத்தன்று என் காதுபடவே சொன்னார்: "நல்ல கைக்காரரு. அந்தச் சிவப்பு வண்டி விசயத்துலதான் சறுக்கிட்டாரு." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பதிமூன்று வருஷமாக ஊரே சொல்வதுதான். வண்டியை விற்ற வெள்ளைக்காரத் துரையிடம் கைநீட்டிக் காசு வாங்கிக்கொண்டு, கோளாறான வண்டியை நல்ல வண்டி என்று சொல்லி விற்க வைத்தார் என்று. அது உண்மையில்லை. நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரர்கள் அப்போது வண்டிகளை விற்றுவிட்டுப் போவார்கள். வாங்குகிறவர்கள் இவரிடம் வந்து ஓட்டிப் பார்த்துச் சொல்லச் சொல்வார்கள். "ஏத்தத்துல எல்லா வண்டியும் கெட்டிக்கார வண்டிதான். எறக்கத்துலதான் குணம் தெரியும்" என்பார். மலை இறங்கும் காட் ரோட்டில் ரெண்டாம் கியரில் போட்டு, பிரேக்கைத் தொடாமல் இறங்குவார். வேகம் கூடாமல் என்ஜினே வண்டியைப் பிடித்து வைக்க வேண்டும். தேய்ந்த கியர்ப் பெட்டி, எண்ணெய் சூடாகும் வரை ஒழுங்காகத்தான் இருக்குமாம். சூடான பிறகு கியர் தானாகக் கழன்றுகொள்ளும். அதனால் மலையில் வெகுதூரம் கீழே இருக்கும் டம்டம் பாறை வரை இறங்கிப் பார்க்காமல் யாருக்கும் 'வாங்கலாம்' என்று சொல்ல மாட்டார்.

வாங்குகிறவரைத் தன்னோடு ஏற்றமாட்டார். "அவன் காத்தைப் பாப்பான், வண்டியப் பாக்க மாட்டான்" என்பார். பக்கத்து சீட்டில் பாரம் வேண்டும் என்று என்னைத்தான் கூட்டிப்போவார். "பேசாத பாரமா வா புள்ள" என்பார். "அப்ப உருளைக்கிழங்கு மூட்டைய ஏத்திக்கங்க" என்பேன். "மூட்டைக்குப் பயமில்ல. நீ எந்த எடத்துல கதவைப் பிடிக்கிறன்னு பாத்தாலே வண்டி எப்படின்னு தெரிஞ்சிரும்."

அந்தச் சிவப்பு வண்டி இரண்டே சீட்டு, மேல்கூரை இல்லாதது. பந்தயத்தில் ஓடுகிற சாதி என்றார்கள். வத்தலக்குண்டுக் காப்பி வியாபாரியின் மகன் துரைப்பாண்டி அதன்மேல் ஆசை வைத்திருந்தான். இருபத்துநாலு வயசு. எனக்கு அப்போது ஐந்து மாதம். அதற்கு முன்னால் இரண்டு தங்காமல் போயிருந்தன. "நீ வரவேணாம்" என்றுதான் சொன்னார். நான்தான் கேட்காமல் ஏறினேன். அப்படி ஒரு வண்டியில் ஏற இனி எப்போது வாய்க்கும் என்று ஒரு ஆசை.

தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தேன். குளிர்காற்று முகத்தில் அறைந்தது.  பாதி வழியில், பெருமாள்மலையில் நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தேன். இடுப்பில் சுருக்கென்று ஒரு வலி. மூன்றாவதும் போய்விட்டது என்றே நினைத்தேன். "ஏங்க, போதும். திரும்பிருங்க." அவர் கீழே போகிற ரோட்டை ஒரு தடவை பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பினார்.

மேலே துரைப்பாண்டி காத்திருந்தான். "நாளைக்கு ஒருக்கா ஓட்டிட்டுச் சொல்றேன் தம்பி" என்றார். "மேஸ்திரி, தொரை இன்னைக்கே கெளம்புறாரு. வேற ஆளு வந்து நிக்கிறான். வெரசா ஒரு வார்த்தை சொல்லுங்க." இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை வீட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைக்க வேண்டும் என்பதுதான் அவர் மனசில். "வாங்கலாம்" என்றார். ஓட்டியது பாதி, சொன்னது முழுசு.

எட்டாம் நாள், நாங்கள் திரும்பிய இடத்துக்கும் கீழே, ஊத்து என்கிற ஊரைத் தாண்டி ஒரு வளைவில் ரெண்டாம் கியர் கழன்றது. வண்டி கைப்பிடிச் சுவரில் மோதியது. துரைப்பாண்டிக்கு முழங்காலுக்குக் கீழே வலது கால் போய்விட்டது.

அவன் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். "முழுசும் எறக்கிப் பாத்தியாய்யா?" என்று கேட்டார். "இல்லீங்க. பாதியில திரும்பிட்டேன்." "ஏன்யா?" "என் தப்புங்க." அவ்வளவுதான். எத்தனை தடவை கேட்டும் அதே பதில். வியாபாரி போனபிறகு நான் அழுதேன். "என்னைச் சொல்லியிருக்கலாமே" என்றேன். "சொன்னா ஊரு என்ன பேசும்? பொறக்குறதுக்கு முந்தியே ஒருத்தன் காலை வாங்கிட்டு வந்த புள்ளைம்பாங்க. அது காதுல விழ வேணாம். நீ வாயத் தொறக்காத."

நான் வாயைத் திறக்கவில்லை. குழந்தைக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

காரணம் சொல்லாததால், துரையிடம் காசு வாங்கியிருப்பார் என்று ஊர் முடிவுகட்டியது. அதன்பிறகு இரண்டு வருஷம் அவரிடம் யாரும் வண்டி காட்டவில்லை. ஒர்க்‌ஷாப்பில் டயர் கழற்றி மாட்டும் வேலைதான். துரைப்பாண்டி மரக்காலோடு நடக்கப் பழகினான் என்று கேள்விப்பட்டு, கையாலேயே பிரேக்கும் ஆக்சிலேட்டரும் பிடிக்கிற மாதிரி கம்பி வளைத்து ஒன்று செய்தார். வத்தலக்குண்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். வியாபாரி வாசலிலேயே மறித்து, "ஒன் கை பட்டது எங்க வீட்டு வண்டியில ஏற வேணாம்" என்று சொல்லிவிட்டாராம். திரும்பி வந்து, "அவரு சொன்னது சரிதானே" என்றார். அன்று ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

வயிற்றில் இருந்தவளுக்கு இப்போது பதிமூன்று நடக்கிறது. இதை எழுதுமுன் அவளிடம் எல்லாம் சொன்னேன்.  "எழுதும்மா. அப்பாவைப் பள்ளிக்கூடத்திலேயும் காசு வாங்குனவருன்னுதான் சொல்றாங்க" என்றாள். அவள் காதில் எது விழக்கூடாது என்று அவர் ஆயுசு முழுக்கப் பயந்தாரோ, அதற்குப் பதிலாக வேறொன்று விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. அது இத்தனை நாள் எனக்குத் தெரியவில்லை.

துரைப்பாண்டித் தம்பிக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அன்றைக்குத் திரும்பச் சொன்னது நான். வயிற்றில் இருந்த பிள்ளை கேட்கவில்லை, நான் கேட்டேன். அவர் யாரிடமும் கைநீட்டவில்லை. அவருடைய ஸ்பானர்களை ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுத்துவிட்டேன். கம்பளிக் கோட்டை என் தம்பி எடுத்துக்கொண்டான். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தத் தப்பு ஒன்றைத்தான். பதிமூன்று வருஷம் அவர் சுமந்தார். இனி அது என் பேரில் இருக்கட்டும்.