ராக்கம்மா அக்கா மக்ரோனியைக் கொட்டிய நாள்

அக்காவின் மகள் செல்வி போனில் கூப்பிட்டபோது நான் விறகு பிளந்துகொண்டிருந்தேன். "அம்மா போயிட்டாங்க சித்தி. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலயே முடிஞ்சிருச்சு" என்றாள். போனை வைத்துவிட்டு மறுபடியும் கோடரியைத் தூக்கினேன். பிளக்கத் தேவையில்லாத கட்டையையும் பிளந்தேன். அழுகை அப்புறம்தான் வந்தது.

லுணுகலைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு அக்காவை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துரை பங்களாவின் குசினி, சமையல் எல்லாம், அவர் கையில் இருந்தது. நான் அவருக்குக் கூடமாட வேலை செய்தவள்.

என் புருஷன் இறந்து மூன்றாம் மாதம், ஒரு கங்காணி குசினி வாசலில் வந்து நின்று, "தனியாப் படுக்கப் பயமா இல்லையா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான். அக்கா அப்போது கணவாய் மீன் கழுவிக்கொண்டிருந்தார். அந்தக் கறுப்புத் தண்ணீரை வாளியோடு அவன் முகத்தில் வீசினார். "இந்தா, மீசைக்கு மை பூசிக்கிட்டுப் போ!" என்றார். வாளி பட்டு அவன் வாயெல்லாம் ரத்தம். அதற்குப் பிறகு அவன் மேல் ரோட்டால்தான் போனான். நான் பயத்தில் வெங்காயத்தை மெல்ல மெல்ல அரிந்தேன். "கத்தியக் கெஞ்சாத புள்ள, அதட்டு" என்றார் அக்கா.

வெயில் காலம் வந்தால் துரையின் பெண்சாதி துரைசாணி அம்மாவுக்கு ஒரு ஆறின சாப்பாடு வேண்டும். மக்ரோனியை உப்புத் தண்ணீரில் அவித்து, வடித்து, பச்சைத் தண்ணீரை ஊற்றிக் குளிர வைக்க வேண்டும். இறாலையும் வட்டமாக வெட்டிய கணவாயையும் கொதிநீரில் கொஞ்ச நேரம்தான் விடலாம், கூடினால் ரப்பர். பிறகு தேசிக்காய் என்கிற எலுமிச்சைப் புளி, எண்ணெய், மிளகு, வெள்ளரிக்காய், வெங்காயம் எல்லாம் போட்டுப் பிரட்டி, பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்று மணி நேரம் பிரிட்ஜில் வைக்க வேண்டும். "ஆறிப்போனதத் திங்கவா இவ்வளவு பாடு?" என்று அக்கா ஏசிக்கொண்டே செய்வார். ஆனால் கடல் சாமான் விஷயத்தில் மட்டும் விளையாட்டுக் கிடையாது. "இது மறுபடி அடுப்புக்குப் போகாத சாப்பாடு. கெட்டுப்போனா நெருப்பு வந்து காப்பாத்தாது" என்பார்.

அது சண்டைக் காலம். பங்களாவுக்கு ராணுவத்து ஆமிப் பெரியவர் ஒருவர் குடும்பத்தோடு இரவுச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. காலையில் என்னைப் பதுளைக்கு அனுப்பினார்கள். வெள்ளைத் தக்கை மாதிரி இருக்கும் ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு இறாலும் கணவாயும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் என் பெயரைப் பார்த்த ஆமிக்காரன் பெட்டியைக் காட்டி என்ன என்று கேட்டான். "இஸ்ஸோ மஹத்தயா" என்று, 'இறால் ஐயா' என்பதை எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவன் தோளில் தொங்கிய துவக்கின் பிடியால் பெட்டியை ஒரே குத்தாகக் குத்தினான். ஐஸ் எல்லாம் ரோட்டில் சிதறியது. பொறுக்கக் குனிந்தபோது என் விரலைச் சப்பாத்தால் மிதித்தான். கொதிக்கிற தாரில் கிடந்த இறாலை முந்தானையில் அள்ளிக்கொண்டு, அந்த வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன்.

பங்களாவுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. வேலை போனால் லயத்து வரிசை வீடுகளில் நாங்கள் இருந்த காம்பிராவும் போய்விடும். இரண்டு பிள்ளைகளோடு எங்கே போவேன்? கழுவிக் கழுவி, தேசிக்காய்ப் புளியைப் பிழிந்து வைத்தேன். அன்று அக்காவுக்குக் கடுமையான தடிமன், மூக்கு அடைத்திருந்தது. "மணந்து பாரு புள்ள, எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்குக்கா" என்றேன்.

அக்கா அதை நம்பி இறாலை மக்ரோனியில் பிரட்டிப் பிரிட்ஜில் வைத்தார். அந்தப் பெரியவர் வந்தார். அவரோடு வந்த இரண்டு ஆமிக்காரர் துவக்கோடு குசினி வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துரைசாணி அம்மா வந்து மக்ரோனிக் கிண்ணத்தின் மூடியைத் திறந்து பார்த்து, முதலில் இதைக் கொண்டு வா என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவைச் சாமான் அறைக்குள் இழுத்துப் போய் நடந்ததைச் சொன்னேன்.

அக்கா விட்ட அறையில் என் காது கிண்ணென்றது. தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினார். "பாவி! அவனுக வாந்தி எடுத்தா, இறால் கெட்டுப்போச்சுன்னா சொல்லுவானுக? தமிழச்சி வெஷம் வச்சிட்டாம்பானுக. ஒன்னையும் என்னையும் மட்டுமில்லடி, லயத்தையே கொளுத்திருவானுக!"

வாசலில் நின்றவர்களுக்கு முன்னால் அதைக் கொட்டினால் ஏன் என்று கேட்பார்கள். அக்கா முகத்தைத் துடைத்தார். கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசை அறைக்குப் போனார். நான் கதவிடுக்கில் பார்த்தேன். துரையின் காலடிக்குக் கிட்டப் போனதும் கையை எடுத்துவிட்டார்.

கிண்ணம் வெடித்த மாதிரி உடைந்தது. பெரியவரின் சப்பாத்தெல்லாம் மக்ரோனி. துரை எழுந்து அக்காவின் முகத்தில் குத்தினார். விழுந்தவரை உதைத்தார். கண்ணாடி அக்காவின் உள்ளங்கையில் இறங்கியது. "கை வழுக்கிருச்சுங்க தொரே, கை வழுக்கிருச்சு" என்று மட்டும் சொன்னார். வலது கையில் இரண்டு விரல் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை.

அன்றைக்கே அவரைத் துரத்தினார்கள். குசினியை என்னிடம் கொடுத்தார்கள். ஏழு நாள் கழித்து, லுணுகலையில் தம்பி வீட்டில் ஒண்டியிருந்தவரைப் போய்ப் பார்த்தேன். காலில் விழுந்தேன்.

"யார்கிட்டயும் சொன்னியா?"

"இல்லக்கா."

"சொல்லாத. சொன்னா நான் வாங்குன அடி வீணாப் போயிரும். எந்திரி, மூக்கச் சிந்து. பாக்கச் சகிக்கல."

அந்த வருடமே செல்வியின் படிப்பு நின்றது. அவள் கொழுந்து எடுக்கப் போனாள். 'கை தவறின ராக்கம்மா' என்ற பெயர் அக்காவுக்குக் கடைசி வரை போகவில்லை. கல்யாண வீடுகளில்கூடப் பாத்திரத்தைத் தொட விடமாட்டார்கள். "ஆமா, ஒடைச்சிருவேன், நீங்களே தூக்குங்கடி" என்று சிரித்துவிட்டு உட்காருவார். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

செத்த வீட்டில் செல்வி அழுதபடி, "அம்மா அன்னைக்கு ஒழுங்காப் புடிச்சிருந்தா நானும் படிச்சிருப்பேனே" என்றாள். என்னால் தாங்க முடியவில்லை. சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் ரவிக்கையைப் பிடித்து உலுக்கினாள். "இத்தன வருஷமா வாயில என்ன வச்சிருந்தீங்க? எங்கம்மா உசுரோட இருக்கையில இதச் சொல்ல முடியலயா?" என்று கத்தி, என்னை வாசலுக்குத் தள்ளினாள். பெட்டியைத் தூக்கும் வரை மழையில் வெளியேதான் நின்றேன். அவள் உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

அந்தத் துரை வேறு தோட்டத்துக்கு மாறிப்போய்விட்டார். இனி யாருக்கும் பயப்பட ஒன்றுமில்லை. அதனால் அக்காவைத் தெரிந்த எல்லோருக்கும் சொல்கிறேன். அக்கா கை தவறியவர் இல்லை. தெரிந்தே கீழே விட்டார். அவர் பட்ட குத்தும் உதையும் எனக்கு விழ வேண்டியவை. வேறு எதையும் அவர் எனக்கு விட்டுப் போகவில்லை. அந்தக் குத்தையும் உதையையும் நான் வைத்துக்கொள்கிறேன்.