பெண் பார்க்க வந்தவர் போட்ட சர்க்யூட்

எங்கள் கரமனைத் தெருவில் பெண் பார்க்க வருகிறவர்கள் பாடச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். முன்னேற்றம்தான். என்னைப் பார்க்க வந்தவர் சர்க்யூட் கணக்குப் போடச் சொன்னார். மாப்பிள்ளை அல்ல, அவருடைய அப்பா; எலெக்ட்ரிகல் இஞ்சினியராக இருந்து ரிட்டயர் ஆனவர்.

நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் சொல்லிக் கொடுக்கிறேன். கல்யாணமானாலும் வேலையை விடமாட்டேன். எனக்கு இருந்த ஒரே நிபந்தனை அதுதான். "எடுத்த எடுப்பிலே அதைச் சொல்லித் தொலைக்காதே, நல்ல இடமாக்கும்," என்று அம்மா காலையிலிருந்து என் உயிரை வாங்கினாள்.

ஏத்தங்காய் பஜ்ஜி பாதி காலியானதும் பெரியவர் பேனாவை எடுத்து, பழைய காலண்டர் தாளின் பின்புறம் வரைந்தார். பதினெட்டு வோல்ட் பேட்டரி. கரண்ட் இரண்டு வழியாகப் பிரிகிறது: மேலே இரண்டு ஓம், நான்கு ஓம், கீழே மூன்று, ஆறு. இரண்டு வழிகளின் நடுவையும் இணைத்துக் குறுக்கே ஓர் ஐந்து ஓம்.

"பேட்டரிலேருந்து எத்தனை ஆம்பியர் வரும், சொல்லு பாப்போம்!"

நான் வாயைத் திறப்பதற்குள், "நான் போடறேன்ப்பா," என்று மாப்பிள்ளை தாளைப் பிடுங்கிக்கொண்டார். அவரும் இஞ்சினியர்தான், ஐடி கம்பெனி. சமன்பாடு எழுதினார், அடித்தார், செல்போனைத் தட்டினார். ஒரு சந்திப்புக்கு வரும் கரண்ட் முழுதும் அங்கிருந்து வெளியே போயாக வேண்டும், அதுதான் கிர்க்காஃப் விதி. இவர் கணக்கில் வந்த கரண்ட், கல்யாணத்துக்கு வந்த தூரத்து உறவு மாதிரி, போகாமல் அங்கேயே தங்கிவிட்டது. பாவம், நெற்றியெல்லாம் வியர்வை.

எனக்குப் பொறுக்கவில்லை. "நடுவிலே இருக்கிறதை எடுத்துடுங்கோ. ரெண்டுக்கு நாலு, மூணுக்கு ஆறு, விகிதம் ஒண்ணுதானே? அதோட ரெண்டு முனையிலும் ஒரே வோல்டேஜ், கரண்டே ஓடாது. மேலே மொத்தம் ஆறு ஓம், மூணு ஆம்பியர். கீழே ஒன்பது ஓம், ரெண்டு. கூட்டினா அஞ்சு."

"அடி சக்கை!" பெரியவர் தொடையில் தட்டினார். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் பெருமைதான், இந்த வீட்டுக்கே போய்விடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

"இத்தனை நன்னாத் தெரிஞ்ச பொண்ணு பின்னே எதுக்கு வேலைக்குப் போகணும்?" என்றார் அவர், அடுத்த பஜ்ஜியை எடுத்தபடி. "ஆத்திலேயே இருந்து பேரக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாப் போறும்."

சுருக்கென்றது. அம்மா கண்ணால் கெஞ்சினாள். மாப்பிள்ளை ஏதாவது சொல்வாரா என்று பார்த்தேன். அவர் இன்னும் செல்போனைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பேரன் பிறக்கட்டும் மாமா," என்றேன். "அதுவரைக்கும் உங்க பிள்ளையை எங்க பாலிடெக்னிக்குக்கு அனுப்புங்கோ. முதல் வருஷ கிளாஸ் திங்கட்கிழமை ஆரம்பிக்கறது."